வெட்டுத்துண்டு கண்டுபிடிக்க எந்த வடிவம் வசதி?

ஒரே நேர்க்கோட்டை 3 எக்ஸ் + 4 ஒய் = 24 என்று திட்ட வடிவத்திலும் எழுதலாம், ஒய் = −(3/4) எக்ஸ் + 6 என்று சாய்வு-வெட்டுத்துண்டு வடிவத்திலும் எழுதலாம். கோடு எக்ஸ் அச்சையும் ஒய் அச்சையும் எந்த மதிப்பில் வெட்டுகிறது என்பதுதான் வெட்டுத்துண்டு; இரண்டு வெட்டுத்துண்டுகளும் வேண்டுமென்றால் என் ஓட்டு திட்ட வடிவத்துக்குத்தான்.

காரணம் எளிது. கோடு எக்ஸ் அச்சைத் தொடும் இடத்தில் ஒய்யின் மதிப்பு 0, அதனால் 4 ஒய் என்ற உறுப்பை விரலால் மறைத்துவிட்டால் மிச்சம் 3 எக்ஸ் = 24, விடை 8. அப்புறம் 3 எக்ஸை மறைத்தால் 4 ஒய் = 24, விடை 6. (8, 0), (0, 6) இரண்டையும் குறித்து அளவுகோலை வைத்தால் கோடு தயார். சாய்வு வடிவத்தில் ஒய் வெட்டுத்துண்டு 6 கண்ணெதிரே இருக்கிறது, அது அதன் பெரிய பலம்தான், ஆனால் எக்ஸ் வெட்டுத்துண்டுக்கு 0 = −(3/4) எக்ஸ் + 6 என்று எழுதிப் பின்னத்தோடு மல்லுக்கட்ட வேண்டும், மாணவர்கள் குறியைத் தவறவிடுவது பெரும்பாலும் அங்கேதான்.

சாய்வு வடிவத்தில் வந்த கணக்கை மாற்றுவதும் கஷ்டமில்லை. ஒய் = (2/3) எக்ஸ் − 5/6 என்றால், பகுதிகளின், அதாவது பின்னங்களின் கீழ் எண்களின், மீச்சிறு பொது மடங்கு 6-ஆல் எல்லா உறுப்பையும் பெருக்குங்கள்: 6 ஒய் = 4 எக்ஸ் − 5. எக்ஸும் ஒய்யும் ஒரே பக்கம் வரும்படி மாற்றினால் 4 எக்ஸ் − 6 ஒய் = 5. மறைக்கும்போது கழித்தல் குறியை −6 ஒய்யோடு சேர்த்தே பாருங்கள், ஒய் வெட்டுத்துண்டு −5/6, எக்ஸ் வெட்டுத்துண்டு 5/4.

பொது வடிவத்தில், அதாவது 3 எக்ஸ் + 4 ஒய் − 24 = 0 என்று இருந்தால், அவசரத்தில் −24-ஐ 3-ஆல் வகுத்து −8 என்று எழுதிவிடுவார்கள். மாறிலியை வலப்பக்கம் கொண்டுபோன பிறகுதான் வகுக்க வேண்டும்.

எக்ஸ்/8 + ஒய்/6 = 1 என்ற வெட்டுத்துண்டு வடிவத்தில் வகுக்கவே வேண்டாம், பகுதிகளே விடை! பார்க்க அழகு, ஆனால் ஆதிப்புள்ளி வழியாகப் போகும் கோட்டையோ அச்சுகளுக்கு இணையான கோட்டையோ அதில் எழுதவே முடியாது. சாய்வு வடிவமும் எக்ஸ் = 5 போன்ற செங்குத்துக் கோட்டிடம் தோற்றுவிடும், அதற்குச் சாய்வு வரையறுக்கப்படவில்லையே. திட்ட வடிவம் எல்லாக் கோட்டுக்கும் இடம் கொடுக்கிறது.

அதற்காக எப்போதும் அதையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். இரண்டு கோடுகள் இணையா என்று பார்க்கவோ, ஒன்று மாறும்போது மற்றது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று அறியவோ சாய்வு வடிவம்தான் சரி. 2 எக்ஸ் − 5 ஒய் = 0 மாதிரி வந்தாலோ திட்ட வடிவத்தில் இரண்டு வெட்டுத்துண்டும் 0, கையில் ஒரே ஒரு புள்ளிதான் கிடைக்கும், எக்ஸுக்கு 5 கொடுத்து (5, 2) என்ற இன்னொரு புள்ளியை நாமே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.