38,500 ரூபாய்க்குக் கறுப்பு பெயிண்ட்: ரேஸ் கார் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் படியுங்கள்

38,500 ரூபாய். எழுதும்போதே வயிறு எரிகிறது. பின் சஸ்பென்ஷன் வேலைக்காக ஓசூர் பக்கம் ஒரு கடையில் கொடுத்த காசு. ரேஸ் வண்டி, ராலி வண்டி வேலை மட்டும்தான் பார்ப்போம் என்று சொல்லிக்கொள்ளும் கடை. புகார் கொடுக்கப் போகிறேன், அதுவரை பெயரைப் போடாதே என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அதனால் பெயர் இல்லை. ஆனால் நடந்ததை எழுதுவதை யாரும் தடுக்க முடியாது.

என்னிடம் இருப்பது பழைய மாருதி எஸ்டீம் கார். 1.3 லிட்டர் இன்ஜின், உள்ளே எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ரோல் கேஜ் (வண்டி கவிழ்ந்தால் ஓட்டுகிறவனைக் காக்கிற இரும்புக் கூண்டு) போட்டது. நான் கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் மெயின்டெனன்ஸ் ஃபிட்டர். சீசனில் ஓவர்டைம் பார்த்துச் சேர்க்கிற காசில் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை கோயம்புத்தூர் செட்டிபாளையம் கரி டிராக்கில் ஓட்டுவேன். ஸ்பான்சர் கிடையாது, டீம் கிடையாது. மச்சானும் ஒரு ஜாக்கியும்தான்.

போன தடவை ஓட்டும்போது வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்தால் பின்பக்கம் வாலாட்டியது. வளைவுக்குள் ஆக்சிலரேட்டரை விட்டால் அப்படியே சுற்றப் பார்த்தது. பின் சஸ்பென்ஷன் புஷ் போயிருக்கும் என்று எனக்கே சந்தேகம். சக்கரத்தை வண்டியோடு சேர்க்கிற கம்பிதான் ஆர்ம்; அதன் உள் முனையிலும் வெளி முனையிலும் இருக்கிற ரப்பர் உருளைதான் புஷ். பிரஸ் வைத்து ஆர்மிலிருந்து பழைய புஷ்ஷைத் தள்ள வேண்டும், அப்புறம் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். அதற்கென்றே இருக்கிற கடையில் கொடுப்போம் என்றுதான் ரெக்கவரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன்.

அந்த ஓனர் நடந்துகொண்ட விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் வண்டியை லிஃப்டில் தூக்கச் சொன்னார். லிவர் கம்பியை உள்ளே விட்டு நெம்பிக் காட்டினார். "பாருங்க தம்பி, உள் புஷ் ரப்பர் கிழிஞ்சு ஸ்லீவ் தனியா ஆடுது. பிரேக் புடிச்சா பின்சக்கரம் தானா வெளிய திரும்புது. டோ நிக்கவே இல்ல. அதான் வால் வீசுது" என்றார். டோ என்றால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற கோணம். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. புஷ் தளர்ந்தால் ஆர்ம் நகரும், ஆர்ம் நகர்ந்தால் சக்கரத்தின் கோணம் மாறும், அந்த வேகத்தில் பின்சக்கரமே ஸ்டீயரிங் பிடித்த மாதிரிதான். இதை இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. ரப்பர் புஷ்ஷை விட பியூ (பாலியூரித்தேன்) புஷ் எவ்வளவு கெட்டி, கடினத்தை அளக்கிற ஷோர் ஏ கணக்கில் 80, 90 என்றெல்லாம் பேசினார். டீ வாங்கிக் கொடுத்தார். சுவரில் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் எடுத்த போட்டோ. "ஒங்க வண்டி இல்ல தம்பி, என் வண்டின்னு நெனச்சு செய்றேன்." இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்?

கணக்கு இது: உள்ளும் வெளியுமாக முழு பியூ புஷ் செட் 24,000, லேபர் 9,500, அலைன்மென்ட் 5,000. மொத்தம் 38,500. பாதி முன்பணம், மீதி வண்டி எடுக்கும்போது. இரண்டும் ஜிபேயில். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

வண்டி எடுக்கப் போனபோது சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார்கள். வெளிப்பக்கம் சிவப்பாகப் பளபளவென்று புது புஷ். உள்பக்கம் எல்லாம் கறுப்பாகச் சுத்தமாக இருந்தது. ஒரு பாலித்தீன் கவரில் கிழிந்த பழைய புஷ்களைப் போட்டு, "இதெல்லாம் ஒங்க வண்டில இருந்து எடுத்தது, நீங்களே வெச்சுக்கோங்க" என்றார். அந்தக் கவரைப் பார்த்ததும் இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போய்விட்டது.

தர்மபுரி, தொப்பூர், சேலம் என்று ராத்திரி முழுக்க ரெக்கவரி வண்டியில் உட்கார்ந்து கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தோம். காலையில் ஸ்க்ரூட்டினி, அதாவது டிராக்கில் இறக்கும் முன் வண்டியைச் சோதிப்பது. அங்கே இருந்தவர் கம்பியை உள்ளே விட்டு ஒரே ஒரு நெம்பு. டக் என்று சத்தம். இன்னொரு பக்கமும் அதே டக். "இந்த வண்டிய டிராக்ல இறக்க முடியாது சார்." அவ்வளவுதான். கட்டிய என்ட்ரி ஃபீஸ் போச்சு, ரெக்கவரி வாடகை போச்சு. அவர் மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. அந்த நிலையில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

வீட்டு ஷெட்டில் ஸ்டாண்டு போட்டு நானே கழற்றினேன். வெளிப்பக்கம் மட்டும்தான் மாற்றியிருக்கிறார்கள். உள் புஷ் எல்லாம் அதே பழைய ரப்பர், அதே கிழிசல். மேலே கறுப்பு பெயிண்ட். நகத்தால் சுரண்டினால் பெயிண்டுக்கு அடியில் சேறு! கழுவக்கூட இல்லை. உள் போல்ட் தலையில் பெயிண்ட் ஒரு இடத்திலும் உடையவில்லை, அடியில் அதே பழைய துரு. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. டோ செட் பண்ணுகிற போல்ட்டும் அப்படியே. அப்போது அந்த 5,000 எதற்கு? அந்தக் கவரில் இருந்த பழைய புஷ்களை எடுத்து என் போல்ட்டை உள்ளே விட்டுப் பார்த்தேன். லொடலொடவென்று ஆடுகிறது. எந்த வண்டியில் இருந்து எடுத்ததோ, என் வண்டியில் இருந்து எடுத்ததில்லை. வருகிறவனுக்கெல்லாம் அந்த ஒரே கவரைத்தான் கொடுக்கிறார்கள் போல.

போன் செய்தேன். முதலில், "பியூ புதுசுல அப்படித்தான் தம்பி, ஓட ஓட செட் ஆயிடும்." மாற்றவே மாற்றாத புஷ் எப்படி செட் ஆகும்? போட்டோ அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டால் ஒரு பையன் எடுத்து, ஓனர் பெங்களூர் போயிருக்கார் என்கிறான். பின்னால் அவர் குரல் கேட்கிறது. நேரில் போனேன். வேலை பார்த்த பையன் நின்றுவிட்டானாம். அப்புறம் சொன்னார் பாருங்கள் ஒரு பதில்: "டிராக்ல ஓட்டுன வண்டிக்கெல்லாம் வாரண்டி கிடையாதுங்க." ரேஸ் வண்டிக் கடை என்று போர்டு வைத்துக்கொண்டு! 38,500ல் ஒரு ரூபாய் திருப்பித் தர முடியாது, வேண்டுமானால் அடுத்த வேலையில் குறைத்துக்கொள்ளலாம் என்கிறார். அடுத்த வேலையாம்.

இந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று முழுசாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை. அவசரத்துக்கு இது போதும். ஆர்மை வண்டியில் இருந்து இறக்கி, புது புஷ் ஏற்றுவதை நின்று பாருங்கள், முடியாவிட்டால் வீடியோ கேளுங்கள். வேலைக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொரு போல்ட் தலையிலும் பெயிண்ட் மார்க்கரில் ஒரு கோடு போடுங்கள், கழற்றினால் கோடு விலகும். ரப்பர் புஷ் போடுகிறவர்கள், வண்டி தரையில் நிற்கிற உயரத்தில்தான் போல்ட்டை ஃபைனல் டைட் செய்ய வேண்டும். சக்கரம் தொங்கும்போது டைட் செய்தால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். அலைன்மென்ட்டுக்கு முன்னும் பின்னும் எடுத்த பிரிண்ட் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டி பில் வாங்குங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது. ஜிபே ரசீது, துண்டுச் சீட்டு, சேற்றின் மேல் பெயிண்ட் அடித்த போட்டோ எல்லாவற்றையும் வைத்து மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓசூர் பக்கம் இப்படி ஒரு கடையில் புஷ் மாற்றியவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து இன்றைக்கே வண்டியைத் தூக்கி உள்பக்கம் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். சேறு வந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.