பிடிஎஸ்டி கோச் செயலி: மனவடுவுக்குச் சரி, இதயத்துக்கு?

அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையின் பிடிஎஸ்டி தேசிய மையம் 2011-இல் வெளியிட்ட இலவசச் செயலி இது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓடும். விளம்பரம் இல்லை, கணக்குத் தொடங்கும் தொல்லையும் இல்லை. பேரதிர்ச்சிக்குப் பிறகு திடுக்கிடலும் கெட்ட கனவும் விடாமல் தொடரும் மனவடு நோய்தான் பிடிஎஸ்டி. அது உள்ளவர்களுக்காக உருவாக்கியது. இதயத்தைக் காக்கவும் இதை நம்பலாமா?

கேள்வி வீணானதல்ல. வியட்நாம் போர்க்காலப் படையினரான 281 இரட்டையர் இணைகளைச் சுமார் 13 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2013-இல் வெளியானது. பிடிஎஸ்டி இருந்தவர்களில் 22.6 சதவீதம் பேருக்கு இதய ரத்தக்குழாய் நோய் வந்திருந்தது, இல்லாதவர்களில் 8.9 சதவீதம். வாழ்க்கைமுறைக் காரணங்களைக் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் மறையவில்லை. ஆக, நடைப்பயிற்சி மட்டும் போதாது. மனசை மட்டும் பார்த்துக்கொண்டாலும் போதாது.

அறிகுறிகளைச் சமாளிக்கும் பகுதிதான் செயலியின் உயிர். ‘தூக்கம் வரவில்லை’, ‘கோபம்’ என்பதுபோல ஒன்றைத் தொட்டால், வேதனையை 0 முதல் 10 வரை குறிக்கச் சொல்லி, ஒரு பயிற்சியைத் தந்து, முடிந்ததும் மறுபடி அளக்கும். பயன்படுத்துவோர் சறுக்குவது ஓரிடத்தில்: படபடப்பு உச்சத்தில் இருக்கும்போதுதான் முதன்முதலாகத் திறக்கிறார்கள். தமிழ்ப் பதிப்பு இல்லை. நடுங்கும் கையோடு ஆங்கில மெனுவில் தேடுவது நடக்காத காரியம். அமைதியான நாளிலேயே இரண்டு மூன்று பயிற்சிகளைச் செய்துபார்த்து, பிடித்ததைக் குறித்துவைத்து, சொந்தப் படங்களையும் பாட்டையும் ஏற்றிவிட வேண்டும்.

மூச்சுப் பயிற்சி எல்லோருக்கும் ஒத்துவராது. கண்ணை மூடினால் சிலருக்குப் பழைய காட்சி இன்னும் நெருங்கி வரும். அவர்கள் கண்ணைத் திறந்தபடி, சுற்றியுள்ள பொருள்களில் கவனத்தை ஊன்றும் பயிற்சிக்குப் போகலாம். வேகவேகமாக ஆழ இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் மரத்துப்போகும். மெதுவாக இழுத்து, வெளிவிடுவதை நீட்டுங்கள்.

சுயமதிப்பீட்டில் 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 80. பொதுவாக 31–33-ஐத் தாண்டினால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. இது நோய் முடிவு அல்ல. மாதம் ஒருமுறை போதும்.

2017-இல் வெளியான, 120 பேர் பங்கேற்ற 3 மாத ஆய்வில், செயலியைப் பயன்படுத்தியவர்களின் அறிகுறிகள் செயலி கிடைக்காமல் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்தன. ஆனால் முடிவில் இரு குழுக்களின் சராசரியிலும் பெரிய இடைவெளி இல்லை. சிகிச்சைக்குத் துணை என்று வைத்துக்கொள்ளலாம், அதற்குமேல் இல்லை.

இதயப் பக்கம் பெரிய ஓட்டை. ரத்த அழுத்தம், நடை, சிகரெட் எதற்கும் இதில் கணக்கு இல்லை. புகைப்பதை நிறுத்த ‘ஸ்டே க்விட் கோச்’, தூக்கத்துக்கு ‘இன்சோம்னியா கோச்’ என அதே துறை தனிச் செயலிகள் வைத்திருக்கிறது. ரத்த அழுத்தத்தை மேற்கையில் கட்டும் கருவியில் பாருங்கள்: 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்தபின், காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை, ஒரு வாரம். முதல் நாளை விட்டு மற்றதன் சராசரி 135/85-ஐ எட்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள். கெட்ட கனவுக்குப் பிரசோசின் மாத்திரை எடுப்பவர்கள் படுக்கையிலிருந்து மெல்ல எழ வேண்டும். அது அழுத்தத்தைத் தடாலென இறக்கும். பிடிஎஸ்டிக்குத் தரும் வென்லாஃபாக்சின் மாத்திரை சிலருக்கு அழுத்தத்தை ஏற்றும்.

நடை தொடங்கும்போது ஒரு சிக்கல் வரும். துடிப்பு ஏறி வியர்த்ததும் பழைய பயம் வந்துவிட்டதாக உடல் எண்ணி, இரண்டாம் நாளே நிறுத்தவைக்கும். 10 நிமிடம், பேசிக்கொண்டே நடக்கும் வேகம், பிறகு வாரத்துக்கு 150 நிமிடம் வரை மெல்லக் கூட்டுவது.

செயலியிலுள்ள உதவி எண்கள் அமெரிக்காவுக்கானவை. மனநல உதவிக்கு இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் 1926 ஆகியவற்றைத் தொடர்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். நெஞ்சை அழுத்தி, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் பதற்றமா மாரடைப்பா என்று செயலியில் தேடிக்கொண்டிருக்காமல் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990-ஐ அழையுங்கள்.