நிலம் நகரல, கவுண்டிதான் மாறிட்டே போகுது: விர்ஜினியால பழைய பத்திரம் தேட எந்த வழி பெட்டர்?

எங்க சம்பந்தியம்மா பக்கம் அமெரிக்காவுல விர்ஜினியா மாநிலம். பாட்டனுக்குப் பாட்டன் 1800 வாக்குல புலாஸ்கி கவுண்டில (கவுண்டின்னா நம்மூர் மாவட்டம் மாதிரி) நிலம் வச்சிருந்தாருன்னு வீட்டுல சொல்வாங்களாம், பத்திரம் கிடைக்குமான்னு என்கிட்ட கேட்டாங்க. முதல் சிக்கலே அங்கதான், ஏன்னா புலாஸ்கி கவுண்டியே 1839லதான் பிறந்துச்சு. அதுக்கு முன்ன அந்தப் பக்கமெல்லாம் மான்ட்கமரி, வைத் (Wythe) கவுண்டிங்க, இன்னும் பின்னாடி போனா ஃபின்காசில், பாட்டடாட், அகஸ்டா, ஆரஞ்ச்னு போய்ட்டே இருக்கு. புது கவுண்டி பிரிஞ்சா புது புக்கு ஆரம்பிப்பாங்க, பழைய புக்கு பழைய கவுண்டியோட கோர்ட் ஹவுஸ்லயே (பத்திரப் புக்கெல்லாம் இருக்கற கோர்ட் கட்டடம்) தங்கிடும். நம்மூர்ல சப்-ரிஜிஸ்டர் ஆபீஸ் பிரிச்சா பழைய வில்லங்கத்தை பழைய ஆபீஸ்ல பாருன்னு சொல்வாங்கல்ல, அதே கதைதான்.

நிறைய பேர் முதல்ல போறது ஃபெடரல் அரசோட ஜெனரல் லேண்ட் ஆபீஸ் சைட்டுக்கு. அருமையான சைட், ஃப்ரீ, ஆனா அது ஃபெடரல் அரசு நிலம் வித்த 30 மாநிலத்துக்குத்தான். ஒஹையோ, இண்டியானான்னா கண்ணை மூடிட்டு அங்க போங்க, விர்ஜினியாவுக்கு அது வேலைக்காகாது. இங்க முதல் பட்டா காலனி அரசோ மாநில அரசோ கொடுத்தது, அது விர்ஜினியா லைப்ரரில ஆன்லைன்லயே கிடைக்கும். ஆனா அரசுகிட்ட வாங்கினவர் பேர் மட்டும்தான் அதுல, கைமாறினதெல்லாம் வராது.

எந்த வருஷம் எந்த கவுண்டின்னு தெரிஞ்சுக்க நியூபெரி லைப்ரரியோட கவுண்டி எல்லை அட்லஸ் போதும், தேதி வாரியா மேப் காட்டும். இதைப் பாக்காம தேட இறங்காதீங்க. ஃபின்காசில் கவுண்டி 1772ல வந்து 1776 கடைசிலயே கலைஞ்சு போச்சு, அதே பேர்ல ஊர் ஒண்ணு பாட்டடாட் கவுண்டில இருக்கு, ஆனா கலைஞ்ச கவுண்டியோட ரெக்கார்டு இருக்கறது மான்ட்கமரியோட கிறிஸ்டியன்ஸ்பர்க்ல. பேரை நம்பிப் போனா ஒரு நாள் வேஸ்ட்.

இப்ப உண்மையான போட்டி மூணுக்குள்ள: ஃபேமிலிசர்ச், கோர்ட் ஹவுஸ் புக்கு, நில வரி லிஸ்ட். வம்சாவளி தேடற சைட்டான ஃபேமிலிசர்ச்சோட ஃபுல் டெக்ஸ்ட் சர்ச் கையெழுத்துப் பத்திரத்தையே மெஷின் படிச்சு தேடித் தருது, கவுண்டி எதுன்னே தெரியாம தேடலாம், அதுதான் பெரிய பலம். நான் ஆள் பேரை விட்டுட்டு, செக்குபந்தில (நிலத்தோட நாலு எல்லை விவரம்) வர்ற ஓடை பேரான பீக் கிரீக்கைப் போட்டுத் தேடினேன், கவுண்டி மாறினாலும் ஓடை பேர் மாறலையே! ஆனா மெஷின் கையெழுத்தைத் தப்பா படிச்சா அந்தப் பத்திரம் மாட்டாது, அதனால எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கினவர் இண்டெக்ஸை கோர்ட் ஹவுஸ் புக்குல ஒருதடவை பார்த்தே ஆகணும்.

என் ஓட்டு நில வரி லிஸ்டுக்குத்தான், யாரும் மதிக்கறதே இல்ல இதை. 1782ல இருந்து அனேகமா வருஷா வருஷம் இருக்கு, ஒரு காப்பி மாநிலத்துக்கும் போனதால, 1869ல பக்கிங்ஹாம் கோர்ட் ஹவுஸ் எரிஞ்சும் அந்த ஊர் லிஸ்ட் தப்பிச்சுது. 1814ல இருந்து கோர்ட் ஹவுஸ்ல இருந்து எத்தனை மைல், எந்தத் திசைன்னும் எழுதிருப்பாங்க. நாங்க தேடின ஆளுக்கு மான்ட்கமரி லிஸ்ட்ல 210 ஏக்கர், மேற்கே 20 மைல்னு வருது, வருஷா வருஷம் அதேதான், 1839க்கு அப்புறம் திடீர்னு ஆளையே காணோம். வித்துட்டாரோன்னு பதறி புலாஸ்கி லிஸ்ட்டைத் திறந்தா அதே 210 ஏக்கர், வடக்கே 4 மைல். நிலம் அதேதான், மைல் அளக்க ஆரம்பிக்கற கோர்ட் ஹவுஸ் கிறிஸ்டியன்ஸ்பர்க்ல இருந்து புலாஸ்கியோட நியூபெர்னுக்கு மாறிருக்கு, அவ்ளோதான்.

ஆனா வரி லிஸ்ட்ல பொம்பளைங்க பேர் கிடைக்கறது கஷ்டம், அதுக்குப் பத்திரம்தான் கதி. புருஷன் நிலத்தை விக்கும்போது பெண்டாட்டிய தனியா கூப்பிட்டு, சம்மதிச்சுத்தான் உரிமைய விடுறியான்னு விசாரிச்சு எழுதி வைக்கறது அப்பத்த சட்டம். மான்ட்கமரி டீடு புக்குல அப்படி ஒரு பக்கத்துலதான் அந்தப் பாட்டியோட பேர் கிடைச்சுது, பக்கத்துல பெருக்கல் குறி மாதிரி கைநாட்டு. இத்தனை தலைமுறையா அவங்க வீட்டுல யாருக்குமே அந்தப் பேர் தெரியாது. சம்பந்தியம்மா போன்ல அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துட்டே இருந்தாங்க.