பள்ளியில் நிலநடுக்கம் பதிய ஷேக்கா, ஸ்லிங்கியா, போனா?

2015 ஏப்ரல் 25-ல் நேபாளத்தை 7.8 அளவு நிலநடுக்கம் புரட்டிப் போட்டது. சில வருடங்கள் கழித்து அங்கே 20-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் ராஸ்பெரி ஷேக் என்ற கையடக்க அதிர்வுமானியை வைத்தார்கள். அதற்குப் போய்ச் செலவு செய்வானேன், போனிலேயே ஆப் இருக்கிறதே, ஸ்லிங்கி என்ற பொம்மை ஸ்பிரிங்கில் நாமே ஒன்று செய்துகொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

போனை முதலில் முடித்துவிடலாம். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் மைஷேக் ஆப் 2016-லேயே வந்துவிட்டது. போனைச் சாய்த்தால் திரை திரும்புகிறதே, அதற்கான சில்லுதான் அதிர்வையும் பிடிக்கிறது. 10 கிலோமீட்டருக்குள் 5 அளவில் குலுங்கினால் தெரியும், 2, 3 அளவுக் குட்டி அதிர்வெல்லாம் சில்லின் சொந்த இரைச்சலிலேயே காணாமல் போகும். ஏராளமான போன்கள் சேர்ந்தால் எச்சரிக்கைக்கு உதவும், ஒரு வகுப்பறைக்கு அல்ல.

ஸ்லிங்கி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஸ்பிரிங் தொங்கும், அதன் அடியில் காந்தம், காந்தத்தைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள். தரை ஆடும்போது காந்தம் சோம்பேறியாக நின்ற இடத்திலேயே நிற்க, சுருள் மட்டும் தரையோடு ஆட, கம்பியில் மின்சாரம் பிறக்கிறது. இன்னொரு காந்தம் செம்புக் குழாய்த் துண்டுக்குள் தொங்கி ஆட்டத்தை அடக்கும். அந்தக் குழாயை எடுத்துவிட்டு மேசையைத் தட்டிப் பாருங்கள், ஸ்பிரிங் நிற்கவே நிற்காது. நிஜ நடுக்கத்தில் அப்படி ஆடினால், வேகமாக முதலில் வரும் பி அலைக்குப் பின்னால் மெதுவாக வரும் எஸ் அலை எது என்றே தெரியாது.

ஆனால் இது ஒரு நொடிக்கு ஒருமுறை வாக்கில் ஆடும் ஸ்பிரிங். வழக்கமாக இதோடு சேர்க்கும், மின்சாரத்தை எண்ணாக மாற்றும் மின்னணுப் பலகை நொடிக்கு 20 புள்ளிகூட (அளவீடுகூட) எடுக்காது. பக்கத்து நடுக்கமோ நொடிக்கு 5, 10 முறை துடிக்கும், அப்புறம் அலைக்கு இரண்டு புள்ளி தேறுவதே கஷ்டம். தூரத்துப் பெரிய நடுக்கத்துக்குப் பரவாயில்லை.

ஷேக்கில் இருப்பது எண்ணெய் தேடுகிறவர்கள் தரையில் குத்திவைக்கும் ஜியோபோன் என்ற அதிர்வு உணரி, 4.5 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 4.5 முறை இயல்பாக ஆடுவது. நொடிக்கு 100 புள்ளி. பி, எஸ் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். இடையில் 5 நொடி என்றால், நொடிக்கு 8 கிலோமீட்டர் வீதம் பெருக்கி, சுமார் 40 கிலோமீட்டர் தூரம் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். விலை சில நூறு டாலர். மணி அடித்ததும் படியிறங்கும் கூட்டமும் அப்படியே பதிவாகும் என்பதால் தரைத்தளத்தில் ஓரமான மூலைதான் சரி. நேரத்தை இணையத்திலிருந்து எடுக்கிறது, இணைப்பு போனால் கடிகாரம் மெல்லத் தள்ளாடும். தூரக் கணக்குக்கு அதனால் சேதமில்லை, ஆனால் மூன்று பள்ளிகளின் அலை வந்த நேரங்களை வைத்து இடம் குறிக்கும்போது ஒரு நொடி பிசகு 6 கிலோமீட்டர் வாக்கில் தள்ளிவிடும். மின்வெட்டு அதிகமுள்ள ஊரென்றால் செயற்கைக்கோளிலிருந்து நேரம் எடுக்கும் ஜிபிஎஸ் சேர்த்தே வாங்குங்கள்.

குறை என்றால், மூடிய பெட்டி. உள்ளே என்ன நடக்கிறதென்று யாருக்கும் தெரியாது. அதனால் பதிவுக்கு ஷேக்கை வாங்கிவிட்டு, வேலை செய்யும் விதத்தைக் காட்ட ஸ்லிங்கியைப் பலகையே இல்லாமல் செய்யலாம். சுருளின் இரு முனைகளையும் லேபில் தூங்கும் கால்வனோமீட்டரில் மாட்டி, காந்தத்தை லேசாக இழுத்துவிட்டால் முள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும்.