'இங்கிலீஷ் கிராமர் ஃபார் ஸ்டூடண்ட்ஸ் ஆஃப் ஜெர்மன்': தமிழர்கள் வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஜெர்மன் கற்றுத்தரும் புத்தகம் இல்லை. தலைப்பைச் சரியாகப் படிக்காமல் வாங்கிவிட்டு, உரையாடல் எங்கே, படம் எங்கே, ஆடியோ எங்கே என்று தேடினால் ஏமாற்றம்தான். செசில் ஸோராக், ஷார்லட் மெலின் என்ற இரண்டு பேர் எழுதியது. அமெரிக்காவின் மிச்சிகனில் இருக்கும் ஒலிவியா அண்ட் ஹில் பிரஸ் வெளியீடு. பிரெஞ்சு, ஸ்பானிஷ், லத்தீன் என்று இதே வரிசையில் வேறு புத்தகங்களும் உண்டு. ஜெர்மன் வகுப்பில் சேர்ந்த ஆங்கிலக்காரர், ஆசிரியர் 'டேட்டிவ்' என்று ஓர் இலக்கணச் சொல்லைச் சொன்னதும் முழிக்காமல் இருக்க, பக்கத்தில் வைத்துக்கொள்ளும் ஒல்லியான துணைப் புத்தகம், அவ்வளவுதான்.

அமைப்பு ரொம்ப எளிது. 'பெயர்ச்சொல் என்றால் என்ன', 'வேற்றுமை என்றால் என்ன' என்று ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு கேள்விதான் தலைப்பு. உள்ளே போனால் முதலில் அந்த விஷயம் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறது, அடுத்து ஜெர்மனில் எப்படி இருக்கிறது என்று இரண்டு பகுதி. ஆங்கிலம் தாய்மொழியான பலருக்குத் தங்கள் மொழியின் இலக்கணமே பள்ளியில் ஒழுங்காக வந்து சேராது என்ற அனுமானத்தில் எழுதப்பட்டது, அது நியாயமான அனுமானமும்கூட. ஆனால் நம் ஊரில் ஆங்கிலத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அதன் இலக்கணத்தை மனப்பாடம் செய்தவர்கள் நாம், 'பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச்' எட்டையும் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்போம், அதனால் முன்பகுதி அத்தியாயங்களில் பலவற்றை வேகமாகத் தள்ளிவிட்டுப் போகலாம்.

அப்படியானால் நமக்கு எதற்கு என்று கேட்டால், வகுப்பு நடக்கும் விதம்தான் காரணம். மாக்ஸ் முல்லர் பவன் என்று நாம் சொல்லும் கோத்தே நிறுவனமாகட்டும், அதே பாணியைப் பின்பற்றும் மற்ற இடங்களாகட்டும், முதல் நாளிலிருந்தே ஜெர்மனை ஜெர்மனிலேயே சொல்லித் தருவார்கள், பாடப்புத்தகத்திலும் ஆங்கிலம் இருக்காது. பேச்சு பழகுவதற்கு அது நல்ல முறை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கணவரோடு போய்ச் சேர ஏ1 என்ற தொடக்க நிலைச் சான்றிதழுக்காகப் படிக்கும் ஒரு பெண்ணுக்கோ, நர்ஸ் வேலைக்காக அதற்கு மூன்று படி மேலே இருக்கும் பி2 வரை ஏறியாக வேண்டிய ஒருவருக்கோ, ஆங்கிலத்தின் 'தி'க்குப் பதிலாக ஏன் ஒரு இடத்தில் 'டேர்' வருகிறது, இன்னொரு இடத்தில் அதே சொல்லுக்கு முன்னால் 'டேன்' வருகிறது என்று யாராவது புரிகிற மொழியில் ஒருமுறை உட்கார்ந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த வேலையை இந்தப் புத்தகம் நன்றாகச் செய்கிறது.

வேற்றுமை பற்றிய அத்தியாயங்கள்தான் புத்தகத்தின் உயிர். ஆங்கிலத்தில் வேற்றுமை கிட்டத்தட்ட செத்துப்போய்விட்டது, 'ஹீ' என்பது 'ஹிம்' ஆவது, 'ஹூ' என்பது 'ஹூம்' ஆவது போலப் பிரதிப்பெயர்களில்தான் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆசிரியர்கள் அந்த மிச்சத்தைப் பிடித்துக்கொண்டே ஜெர்மனின் நான்கு வேற்றுமைகளுக்கு ஆங்கிலக்காரரை மெதுவாக அழைத்துப் போகிறார்கள். ரொம்பப் பொறுமையான விளக்கம். படிக்கும்போது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: நமக்கு இவ்வளவு பொறுமை தேவையே இல்லை. நாமினேட்டிவ் நம் முதல் வேற்றுமை, அக்குசேட்டிவ் இரண்டாம் வேற்றுமையான 'ஐ', டேட்டிவ் நான்காம் வேற்றுமையான 'கு', ஜெனிட்டிவ் ஆறாம் வேற்றுமை. எட்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தை நினைவில் கொண்டுவந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. 'டேர் ஹுண்ட் பைஸ்ட் டேன் மான்' என்றாலும் 'டேன் மான் பைஸ்ட் டேர் ஹுண்ட்' என்றாலும் கடித்தது நாய்தான், கடிபட்டது மனிதன்தான். சொல் வரிசை மாறியும் பொருள் மாறாதது ஆங்கிலக்காரருக்கு அதிசயம், 'மனிதனை நாய் கடித்தது' என்று தினமும் பேசுகிறவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது? ஒரே வித்தியாசம், நாம் உருபைச் சொல்லின் வாலில் ஒட்டுகிறோம், அவர்கள் பெரும்பாலும் முன்னால் நிற்கும் ஆர்ட்டிகிளை, அதாவது 'தி', 'எ' போன்ற சொல்லை, மாற்றுகிறார்கள்.

டேட்டிவ் விஷயத்தில் தமிழ் தெரிந்தவருக்குக் கிடைக்கும் லாபம் இன்னும் பெரிது. குளிர்கிறது என்று சொல்ல ஆங்கிலத்திலிருந்து வார்த்தைக்கு வார்த்தை போனால் 'இஷ் பின் கால்ட்' என்று வரும், கேட்கிற ஜெர்மன்காரர் நம்மை ஈவிரக்கமில்லாத ஆள் என்று நினைப்பார். சரியானது 'மீர் இஸ்ட் கால்ட்', அச்சு அசலாக 'எனக்குக் குளிர்கிறது'. பிடித்திருக்கிறது என்பதற்கான 'கெஃபாலென்' வினையும் அப்படித்தான், பிடித்த பொருள் எழுவாய், பிடித்தவருக்கு 'கு'. 'ஹெல்ஃபென்' உதவுவது, 'டாங்கென்' நன்றி சொல்வது, 'ஆன்ட்வோர்டென்' பதில் சொல்வது, 'கெஹோரென்' சொந்தமாக இருப்பது: இவையெல்லாம் டேட்டிவ் கேட்கும் வினைகள் என்று ஆங்கிலக்காரர் பட்டியல் போட்டு உருப்போட வேண்டும், நாம் அவனுக்கு உதவினேன், அவனுக்கு நன்றி சொன்னேன், அது அவனுக்குச் சொந்தம் என்று சொல்லிப் பார்த்தாலே விடை வந்துவிடும்.

ஆனால் இதை நம்பி ஒரேயடியாகப் பாய்ந்துவிடக் கூடாது, ஏனென்றால் தமிழ் காலை வாரும் இடங்களும் இருக்கின்றன, அவற்றைப் பற்றி இந்தப் புத்தகம் எச்சரிக்கப் போவதில்லை, அது யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள் அந்தப் பள்ளத்தில் விழமாட்டார்கள். போன் பண்ணுவதை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் 'உனக்கு' போன் பண்ணுவோம், ஜெர்மனில் 'இஷ் ரூஃப டிஷ் ஆன்', அதாவது 'உன்னை'. பின்தொடர்வது நமக்கு 'அவனை', அங்கே 'ஃபோல்கென்' டேட்டிவ். இதைவிடப் பெரிய பள்ளம் இடத்தைச் சொல்லும் முன்னிடைச் சொற்களில் இருக்கிறது. 'இன்', 'ஆன்', 'ஔஃப்' முதலிய ஒன்பது சொற்கள், ஓரிடத்தில் இருப்பதைச் சொன்னால் டேட்டிவும், ஓரிடத்தை நோக்கிப் போவதைச் சொன்னால் அக்குசேட்டிவும் எடுக்கும். ஊரில் இருக்கிறேன் என்றால் 'இன் டேர் ஷ்டாட்' (டேட்டிவ்), ஊருக்குள் போகிறேன் என்றால் 'இன் டீ ஷ்டாட்' (அக்குசேட்டிவ்). நமக்கோ ஊருக்குப் போவதுதான் 'கு'! டேட்டிவ் என்றால் 'கு' என்று மனதில் ஆணி அடித்து வைத்திருப்பவர் இங்கே சரியாகத் தலைகீழாக எழுதுவார். இது போதாதென்று 'ட்ஸு', 'நாஹ்' என்ற சொற்கள் போகும் திசையைச் சொன்னாலும் டேட்டிவ்தான் எடுக்கும். எனவே இருப்பதா போவதா என்று கேட்கச் சொல்லும் விளக்கத்தை ஆங்கிலத்தில் படித்து அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், இந்த ஒரு இடத்தில் தமிழை ஓரமாக வையுங்கள்.

பால் விஷயத்தில் ஆங்கிலக்காரரும் நாமும் ஒரே படகு. மேசை ஆண் ('டேர் டிஷ்'), கதவு பெண் ('டீ ட்யூர்'), ஜன்னல் இரண்டும் இல்லை ('டாஸ் ஃபென்ஸ்டர்'). உயர்திணை அஃறிணை என்று அறிவுக்குப் பொருந்தப் பிரித்துவைத்த மொழியிலிருந்து போகிறவருக்கு இது கொஞ்சம் எரிச்சலாகவே இருக்கும். இலக்கணப் பால் வேறு, உடலின் பால் வேறு என்பதைப் புத்தகம் விளக்குகிறது, ஆனால் விளக்கம் புரிவதால் சொல்லின் பால் ஞாபகத்தில் நிற்காது. ஓரளவு உதவுவது சொல்லின் கடைசிப் பகுதி: 'உங்', 'ஹைட்', 'கைட்', 'ஷாஃப்ட்' என்று முடிந்தால் பெண்பால், 'ஷென்', 'லைன்' என்று சின்னதாக்கும் விகுதி வந்தால் அலிபால் என்று சில நூல்கள் சொல்லும் அந்த மூன்றாவது வகை. பெண் பிள்ளையைக் குறிக்கும் 'மேட்ஷென்' அந்த மூன்றாவது வகையில் போய் உட்கார்ந்திருப்பதும் அந்த 'ஷென்' விகுதியால்தான். மற்றபடி ஆர்ட்டிகிளோடு சேர்த்து மனப்பாடம், வேறு வழி கிடையாது.

வினை வரும் இடம். தலைமை வாக்கியத்தில் வினை இரண்டாவது இடத்தில், 'வைல்' (ஏனென்றால்), 'டாஸ்' (என்று), 'வென்' (ஆல்) மாதிரிச் சொற்களால் தொடங்கும் துணை வாக்கியத்தில் வினை கடைசியில். கடைசியில் வருவதுதான் ஆங்கிலக்காரருக்குத் தலைவலி என்பதால் இதற்கான விளக்கங்களில் கவனமெல்லாம் அங்கேயே போகும். நமக்குக் கடைசியில் வருவது பிறந்ததிலிருந்து பழக்கம், 'வைல் இஷ் க்ராங்க் பின்' (எனக்கு உடம்பு சரியில்லாததால்) என்பதில் வினை எங்கே நிற்க வேண்டுமோ அங்கேதான் நிற்கிறது. கஷ்டம் அந்த இரண்டாவது இடம். 'இன்று நான் வரவில்லை' என்று தொடங்கினால் 'இன்று' முதல் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், உடனே வினை வந்தாக வேண்டும், 'நான்' அதற்குப் பின்னால்: 'ஹொய்ட கோம இஷ் நிஷ்ட்'. ஆங்கிலமும் இதற்கு உதவாது, தமிழும் உதவாது. வாய்விட்டுச் சொல்லிப் பழகினால்தான் வரும்.

காலங்கள் பற்றிய பகுதி சுவாரஸ்யம். 'ஐ கோ', 'ஐ ஆம் கோயிங்', 'ஐ டூ கோ' மூன்றுக்கும் ஜெர்மனில் ஒரே 'இஷ் கேஹ'. பேச்சில் நேற்று நடந்ததைப் பெரும்பாலும் ஆங்கிலத்தின் 'ஹேவ்', 'பி' போன்ற 'ஹாபென்' அல்லது 'ஸைன்' துணைவினை போட்டுத்தான் சொல்வார்கள், அதனால் 'எஸ்டர்டே ஐ ஹேவ் கான்' என்று எழுதிப் பள்ளியில் சிவப்பு மையால் வட்டம் வாங்கியவர்களுக்கெல்லாம் ஜெர்மன் ஒரு தாமதமான நியாயம்.

மரியாதை விஷயத்தை ஆங்கிலக்காரருக்கு மெனக்கெட்டு விளக்குகிறார்கள், நீ, நீங்கள் என்று வளர்ந்தவர்கள் புரட்டிவிட்டுப் போகலாம். ஒரு நிமிடம் மட்டும் நில்லுங்கள்: நெருங்கியவர்கள் பல பேரை ஒன்றாகக் கூப்பிட 'ஈர்' என்று தனியாக ஒன்று இருக்கிறது. நம் 'நீங்கள்' மரியாதைக்கும் பன்மைக்கும் ஒன்றாகவே போவதால், நண்பர் கூட்டத்தைப் பார்த்து மரியாதைச் சொல்லான 'ஸீ' என்று சொல்லி அந்நியமாக்கிவிட வாய்ப்பு உண்டு.

புத்தகம் போதாமல் போகும் இடம் பெயரடை விகுதிகள். 'டேர் கூட்ட வைன்', 'ஐன் கூட்டர் வைன்', இரண்டுமே நல்ல வைன்தான்: ஆர்ட்டிகிள் வேற்றுமையைக் காட்டிவிட்டால் பெயரடை சும்மா இருக்கலாம், ஆர்ட்டிகிள் காட்டாவிட்டால் பெயரடை அந்தச் சுமையைத் தூக்க வேண்டும் என்ற தர்க்கம் புரிந்தாலும், வாயில் தானாக வர நூற்றுக்கணக்கில் வாக்கியம் எழுத வேண்டும். அதற்கு இது கருவி இல்லை, தனியாக ஒரு பயிற்சிப் புத்தகம் கட்டாயம் வேண்டும். அதேபோல பி1 தாண்டியவர்களுக்கு இதில் பெரிதாக எதுவும் இருக்காது. அந்த நிலையில் செய்தித்தாள்களில் 'டாஸ் கெஸ்டர்ன் கெகௌஃப்ட்ட பூஹ்' என்ற மாதிரித் தொடர்கள் வரும், 'நேற்று வாங்கிய புத்தகம்' என்ற நம் பெயரெச்சத் தொடர் அப்படியே. ஆங்கிலம் வழியாக வருகிறவர்கள் அங்கே திணறும்போது நாம் கொஞ்சம் காலை நீட்டி உட்காரலாம்.

வாங்கலாமா என்றால், ஏ1, ஏ2 படிக்கிறவர், வகுப்பில் ஜெர்மனிலேயே சொல்வது புரியாமல் தவிப்பவர், ஆங்கிலத்தில் சரளமாகப் படிக்கக் கூடியவர் தாராளமாக வாங்கலாம். ஆங்கிலமே தட்டுத்தடுமாறி வருகிறவருக்கு வேண்டாம், அவருக்குத் தமிழ் இலக்கணம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதே மேல். புதிய பதிப்புக்குக் காசு கொட்ட வேண்டிய அவசியமும் இல்லை, பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் போதும், இலக்கணம் அதற்குள் மாறிவிடவில்லை. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஜெர்மன் எழுத்துச் சீர்திருத்தம் 1996-ல் ஒப்புக்கொள்ளப்பட்டது, அதற்கு முந்தைய பதிப்பாக இருந்தால் 'என்று' என்ற பொருளில் வரும் 'டாஸ்' முதலான சில சொற்களில் இரட்டை எஸ்ஸுக்குப் பதிலாக எஸ்ஸெட் (ß) எழுத்து இருக்கும், அதைப் பார்த்துத் தேர்வில் எழுதிவிட்டால் பிழை என்று அடிப்பார்கள்.