கிராஹனா, ரசோலா, கல்காவா? கசோலிலிருந்து அமைதி தேடி மூன்று நடைகள்

இமாசலப் பிரதேசத்தின் பார்வதி பள்ளத்தாக்கில் இருக்கும் கசோலின் கடைத்தெருவில் இரவு பத்து மணிக்கும் ஸ்பீக்கர் ஓய்வதில்லை. இமயமலையில் அமைதியைத் தேடி இரண்டு நாள் பயணம் செய்து வந்தவருக்கு அது முதல் ஏமாற்றம். ஆனால் கசோலைத் தங்குமிடமாக நினைக்காமல் பேருந்து நிலையமாக நினைத்தால் சிக்கல் தீர்ந்தது. பெரிய மூட்டையை அங்கேயே விடுதியில் போட்டுவிட்டு, நடந்தே போகக்கூடிய ஒரு ஊருக்குக் கிளம்பிவிடலாம்.

எந்த ஊர் என்பதுதான் கேள்வி. இந்தப் பள்ளத்தாக்கில் இதற்குத் தகுந்தவை என்று மூன்றைச் சொல்லலாம்: கிராஹன், ரசோல், கல்கா (பக்கத்து ஊரான புல்காவையும் சேர்த்து). தோஷைச் சேர்க்கவில்லை, அங்கே வண்டி போகிறது, வண்டியோடு கூட்டமும் போகிறது. மலானாவையும் சேர்க்கவில்லை. ஊர்த் தெய்வமான ஜம்லுவின் ஆணை என்று சொல்லி 2017-இல் அங்கே விருந்தினர் விடுதிகளை மூடிவிட்டார்கள். போய்ப் பார்த்துத் திரும்பலாமே தவிர, ஊருக்குள் இரவு தங்குகிற இடமாக அதைக் கணக்கில் வைக்க முடியாது.

எல்லாருக்கும் பொதுவான முதல் கட்டம் இது. டெல்லி காஷ்மீரி கேட் நிலையத்திலிருந்து மாலையில் கிளம்பும் மணாலி பேருந்தில் ஏறி, விடிகாலையில் புந்தரில் இறங்க வேண்டும். 12 முதல் 14 மணி நேரம். நடத்துனரிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் தூக்கத்தில் குல்லு தாண்டிப் போய்விடும். புந்தரிலிருந்து மணிகரண் அல்லது பர்ஷைனி என்று பலகை போட்ட பேருந்தில் சுமார் 30 கிலோமீட்டர் போனால் கசோல். உயரம் 1,580 மீட்டர். அதாவது கொடைக்கானலைவிடத் தாழ்வு. அதனால் வந்த அன்றே மூச்சு வாங்குகிறது என்றால் அதற்குக் காரணம் உயரம் அல்ல, இரண்டு இரவு தூங்காதது. அன்று நடக்காதீர்கள்.

எந்தச் சரிவு என்பதைப் பாருங்கள்

மூன்றையும் ஒப்பிடும்போது பலரும் கிலோமீட்டரைத்தான் பார்க்கிறார்கள். கிராஹனும் ரசோலும் கசோலிலிருந்து அரைநாள் நடை. காகிதத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒன்று பார்வதி ஆற்றுக்குத் தெற்கே, மற்றது வடக்கே. எல்லா வேறுபாடும் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

ரசோல் வடகரையில், தெற்கைப் பார்த்த சரிவில் இருக்கிறது. நாள் முழுக்க வெயில் அதன் மேல் விழும். பனி சீக்கிரம் உருகும், மண் சீக்கிரம் காயும், ஊற்று குறைவு, ஏறும்போது வியர்வை கொட்டும். கிராஹன் தென்கரையில், ஒரு கிளைப் பள்ளத்தாக்கின் உள்ளே. மலைமுகடு வெயிலை மறைப்பதால் தேவதாருக் காடு அடர்த்தி. வழி முழுக்க நாலா கூடவே வரும். (நாலா என்றால் சாக்கடை இல்லை, மலை ஓடைக்கு அங்கே அதுதான் பெயர்.) ஆனால் அதே நிழலால், மார்ச் கடைசியிலும் பாதையின் இருண்ட திருப்பங்களில் உறைபனி கிடக்க வாய்ப்புண்டு. ஆகவே மார்ச், ஏப்ரல் தொடக்கத்தில் ரசோல் பக்கம் முந்தும். மே, ஜூன் வெயிலில் கிராஹன்.

கிராஹன்: நாலாவை விடாதீர்கள்

கசோலின் நடுவே சாலைப் பாலத்துக்கு அடியில் ஓடிவரும் ஓடைதான் கிராஹன் நாலா. அதைப் பிடித்துக்கொண்டு மேல்நோக்கிப் போவதே வழி. ஊர் சுமார் 2,350 மீட்டரில் இருக்கிறது. ஏற்றம் 770 மீட்டர், தூரம் 8 முதல் 9 கிலோமீட்டர். ஸ்காட்லாந்துக்காரரான நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. அதன்படி மூன்று மணி நேரம் வருகிறது. சமவெளியிலிருந்து வருகிறவர் அதோடு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஏமாற்றுவது ஏற்றத்தின் பங்கீடு. முதல் பாதி கிட்டத்தட்ட உலா போவது மாதிரிதான், மெல்லிய ஏற்றம். ‘இவ்வளவுதானா’ என்று தண்ணீரையும் தின்பண்டத்தையும் அங்கேயே தீர்த்துவிடுவார்கள். கடைசி ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் மொத்தக் கடனையும் வட்டியோடு வசூலிக்கும். அங்கே வளைந்து வளைந்து போகும் பாதையை வெட்டிக்கொண்டு செங்குத்தாக ஏறும் குறுக்குத் தடங்கள் தெரியும். ஊர்க்காரர்களும் ஆடுகளும் போகிற தடங்கள் அவை. ஏறிவிடலாம், ஈரமாக இருக்கும்போது இறங்கத்தான் முடியாது. வளைவுப் பாதையிலேயே போங்கள்.

அடுத்து, மரப்பாலங்கள். இரண்டு அடிமரங்களைக் குறுக்கே கிடத்தி மேலே பலகை அடித்திருப்பார்கள். காலையில் நாலாவின் சாரல் படிந்து பலகை வழுக்கும். பாலத்தில் கால் வைக்கும் முன் முதுகுப்பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிடுங்கள். தவறி விழுந்தால் பை உங்களோடு ஒட்டியிருந்து நீருக்குள் இழுக்கக் கூடாது. ஊன்றுகோலின் வாரை மணிக்கட்டில் மாட்டாதீர்கள். ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும். நடுவில் நின்று படம் எடுப்பதெல்லாம் வேண்டாம். மே, ஜூனில் பனி உருகி வரும் நீர் பிற்பகலில்தான் உச்சத்துக்கு வரும். காலையில் கணுக்கால் அளவில் தாண்டிய இடம் மாலையில் முழங்காலைத் தொடலாம். ஆகவே காலை ஒன்பதுக்குள் கிளம்புங்கள். ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை இந்த வழியே வேண்டாம். 2023 ஜூலை வெள்ளம் குல்லு மாவட்டத்தில் என்ன செய்தது என்று பார்த்தவர்கள் மழைக்காலத்தில் நாலாவோரம் நடக்கத் துணியமாட்டார்கள்.

ஊர் எப்படி? கல்லும் மரமும் அடுக்கடுக்காக வைத்துக் கட்டிய காட்குணி வீடுகள், பலகைக்கல் கூரை, கீழே மாடு, மேலே மனிதர். ஊருக்குள் மதுவும் புகையும் கூடாது என்பது தெய்வத்தின் பெயரால் உள்ள கட்டுப்பாடு. நம் கணக்கில் இதுவே கிராஹனின் பெரிய பலம்: கூத்தடிக்க வருகிற கூட்டம் தானாகவே வேறு ஊருக்குப் போய்விடுகிறது. ஒரு குறை, மே மாதத்தில் சர் பாஸ் என்ற கணவாய்க்குப் போகும் மலையேற்றக் குழுக்கள் கிராஹனைத்தான் முதல் முகாமாக வைத்துக்கொள்கின்றன. ஊருக்கு வெளியே கூடாரம் போடுவார்கள், ஆனால் பாதையில் முப்பது பேர் வரிசையாக வருவார்கள். அவர்கள் காலையில் ஒரே நேரத்தில் கிளம்புவதால், ஒரு மணி நேரம் முந்தியோ பிந்தியோ நடந்தால் காடு உங்களுடையது.

ரசோல்: இறக்கத்தைக் கணக்கிட்டு ஏறுங்கள்

கசோலிலிருந்து பார்வதியின் மேல் தொங்குபாலத்தைக் கடந்து, அரை மணி நேரச் சமதளப் பாதையில் சலால். தேநீர்க் கடைகளும் விடுதிகளும் நிறைந்த ஊர். அதற்கப்புறம் ரசோல் வரை பாதை பெரும்பாலும் மேலேதான் பார்க்கும். சலாலிலிருந்து ஏற்றம் ஆயிரம் மீட்டருக்குக் குறையாது. நல்ல காலுள்ளவருக்கு நான்கு மணி நேரம், மற்றவருக்கு ஐந்துக்கு மேல். காலை எட்டுக்கே கிளம்பிவிட வேண்டும். பிற்பகல் இரண்டுக்குள் ஊர் கண்ணில் படாவிட்டால் திரும்பிவிடுவது நல்லது. முகட்டுக்குப் பின்னால் சூரியன் இறங்கியதும் காட்டுக்குள் வெளிச்சம் சட்டென்று போய்விடும். கருங்கரடி நடமாடுவதும் அந்தி நேரத்தில்தான்.

தண்ணீரை ஆளுக்கு இரண்டரை, மூன்று லிட்டர் சலாலிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கிராஹன் வழிக்கு ஒரு லிட்டரும் சுத்திகரிக்கும் மாத்திரையும் போதும், நாலா பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் நாலா நீரை அப்படியே குடிக்காதீர்கள், மேலே ஆடு மாடு மேய்கிறது. ரசோல் வழியில் நம்பக்கூடிய ஊற்று குறைவு. இந்த இரண்டு கிலோ கூடுதல் சுமையும் ஏற்றத்தின் பகுதிதான்.

இன்னொன்று பைன் ஊசி. காய்ந்த ஊசியிலைகள் பாதை மேல் ஒரு விரற்கடை கனத்துக்குப் படிந்திருக்கும். களத்தில் கொட்டிய கேழ்வரகின் மேல் நடக்கிற மாதிரி. ஏறும்போது தெரியாது, மறுநாள் இறங்கும்போது தெரியும். அடிப்புறம் தேய்ந்த ஓட்டக் காலணி இங்கே உதவாது. ஆழமான பல் உள்ள காலணி வேண்டும். இறங்கும் முன் கால்விரல் நகத்தை ஒட்ட வெட்டி, கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் இரண்டரை மணி நேர இறக்கத்தில் கட்டைவிரல் காலணி முனையில் இடித்து இடித்து நகம் கறுத்துவிடும். முழங்கால் வலி உள்ளவர் ரசோலை விட்டுவிடலாம். ஏறியவர் மறுநாள் இறங்கித்தானே ஆக வேண்டும்? இடையில் வண்டியோ வேறு வழியோ கிடையாது.

இத்தனைக்கும் ஈடாகக் கிடைப்பது, வெயில் குளிக்கும் சரிவில் உட்கார்ந்து எதிரே பனிமுகடுகளைப் பார்ப்பது. கிராஹனில் அந்த அகலக் காட்சி கிடையாது. ரசோலின் பழக்கங்கள் பக்கத்து மலானாவை ஒட்டியவை. கோவிலையோ அதன் சுவரையோ தொடாதீர்கள். எந்தத் திண்ணையில் உட்காரலாம் என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். இங்கிருந்து கணவாய் தாண்டி மலானாவுக்கு இறங்கும் வழி ஒன்று உண்டு. வழிகாட்டி இல்லாமல் அதைத் தொட வேண்டாம். பார்வதி பள்ளத்தாக்கில் தனியாகப் போய்க் காணாமல் போன மலையேறிகளின் பட்டியல் பல பத்தாண்டுகளாக நீண்டுகொண்டிருக்கிறது.

கல்கா: நடை குறைவு, தங்கல் நீளம்

இது வேறு வகை. கசோலிலிருந்து பேருந்தில் கடைசி நிறுத்தமான பர்ஷைனி வரை போய், அங்கே அணையைக் கடந்து எதிர்க்கரையில் ஏறினால் அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் கல்கா. ஆப்பிள் தோப்புகளுக்கு நடுவே கிட்டத்தட்டச் சமதளமான மேடு, தோப்புக்குள்ளேயே வீடுகள். அப்பா அம்மாவையும் பத்து வயதுப் பிள்ளையையும் கூட்டிப்போக இதுதான் இடம். பக்கத்தில் ஒரு ஓடைப் பள்ளத்துக்கு அப்பால் புல்கா; அங்கே பழைய மரவீடுகள் அதிகம், மேலே அடர்ந்த காடு.

அமைதியில் முழு மதிப்பெண் கொடுக்க முடியாது. அந்த அணை 800 மெகாவாட் பார்வதி இரண்டாம் கட்ட மின்திட்டத்துடையது. இங்கே திருப்பிய நீர் 31 கிலோமீட்டர் சுரங்கம் வழியாக அடுத்த சைஞ்ச் பள்ளத்தாக்குக்குப் போகிறது. மேட்டின் விளிம்பில் அறை எடுத்தால் கீழே தெரிவது அணையும் வண்டி நிறுத்துமிடமும்தான். தோப்பின் உள்பக்கம், மலையடிவாரத்தை ஒட்டிக் கேளுங்கள்.

கல்காவில் இருந்தால் கீர்கங்கா வெந்நீர் ஊற்றுக்குப் போக ஆசை வரும். கல்காவிலிருந்தே கிளம்பும் காட்டுவழி நிழலானது, அழகானது, ஆனால் இடையில் ஊரே இல்லை, கிளைத்தடங்கள் குழப்பும். தனியாள் என்றால் கீழே இறங்கி நக்தான் வழியாகப் போவதே சரி. அங்கே எப்போதும் ஆள் நடமாட்டம் உண்டு.

வழி கேட்பதும் சாப்பாடும்

‘இந்தப் பாதை கிராஹன் போகுமா?’ என்று கேட்டால் மரியாதைக்காகவே ‘ஹாஞ்ஜி’ (ஆமாம்) என்று தலையாட்டிவிடுவார்கள். ‘பாய்ஜி, கிராஹன் கிதர் ஹை?’ (அண்ணா, கிராஹன் எங்கே இருக்கிறது?) என்று கேட்டு அவர் கை எங்கே நீள்கிறது என்று பாருங்கள். பெண்களிடம் ‘தீதி’ (அக்கா). கசோலிலேயே வரைபடத்தைத் தரவிறக்கி வையுங்கள். கிராஹனிலும் ரசோலிலும் சிக்னலை நம்பாதீர்கள். சிக்னல் இல்லாத இடத்தில் கைப்பேசியில் பணமும் அனுப்ப முடியாது. கசோல் ஏடிஎம்மிலேயே ரொக்கம் எடுத்துவிடுங்கள், அதுவும் நூறு, ஐம்பது தாள்களாக.

சோறும் ராஜ்மாவும் எங்கும் கிடைக்கும். சித்து கேட்டுப் பாருங்கள். புளிக்கவைத்த கோதுமை மாவுக்குள் வால்நட்டோ கசகசாவோ அரைத்து வைத்து ஆவியில் வேகவைத்து, மேலே நெய் ஊற்றித் தருவார்கள். நம் கொழுக்கட்டைக்குத் தூரத்து உறவு. மாவு புளிக்க நேரமாகும் என்பதால் போய்ச் சேர்ந்ததும் இரவுக்குச் சொல்லிவிட வேண்டும். வழியில் யாராவது கஞ்சாவோ அதன் பிசினான சரசோ நீட்டினால் வாங்காதீர்கள். புந்தர்–கசோல் சாலையில் காவல்துறை பையைத் திறந்து பார்ப்பது வழக்கம், சட்டமும் கடுமை.

எங்கள் தேர்வு கிராஹன், அதுவும் அக்டோபரில். நாலா இறங்கியிருக்கும், மலையேற்றக் குழுக்கள் இருக்காது, இரவுக் குளிருக்கு ரஜாய் (பஞ்சடைத்த போர்வை) இரண்டு கேட்டால் தருவார்கள். நான்கு நாள் கையில் இருந்தால் முதலில் கல்காவில் இரண்டு இரவு தங்கிக் கால்களைப் பழக்கிவிட்டு, கசோல் இறங்கி கிராஹன் ஏறுங்கள். ரசோலை, ஏற்கெனவே ஒருமுறை ஆயிரம் மீட்டரை ஒரே நாளில் ஏறி மறுநாள் நொண்டாமல் இறங்கியவருக்கு மட்டும் சொல்வோம். எதற்குப் போனாலும் முதுகில் ஆறு கிலோவுக்கு மேல் வேண்டாம்: மழைச்சட்டை, ஒரு கம்பளிச் சட்டை, இரண்டு ஜோடி காலுறை, தலைவிளக்கு, வறுத்த கடலை, வெல்லம். தின்ற பொட்டலத்தின் உறையைத் திரும்பவும் அதே பையில் போட்டுக் கசோலுக்கே கொண்டுவாருங்கள். மேலே குப்பை வண்டி வராது.