முதுகு வளைவு ஆபரேஷனுக்குப் பிறகு பிரேஸ் போடணுமா, வேண்டாமா?

ஸ்கோலியோசிஸ், அதாவது பக்கவாட்டில் வளைந்த முதுகெலும்பைக் கம்பி வைத்து நிமிர்த்தும் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு, உடம்பைச் சுற்றிப் போடும் கெட்டியான பிரேஸ் இல்லையா, உள்ளே வைத்த கம்பி நகர்ந்துவிடாதா என்று சொந்தபந்தம் எல்லாம் பயமுறுத்தும். அது அந்தக் காலத்துக் கணக்கு. 1960களில் ஹாரிங்டன் என்ற டாக்டர் உருவாக்கிய கம்பியை மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி என்றுதான் மாட்டினார்கள், பிடிமானம் போதாது, நிமிர்த்திய முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டும்வரை மாதக்கணக்கில் மாவுக்கட்டோடு கிடக்க வேண்டும். இப்போது பெடிக்கிள் ஸ்க்ரூ ஒவ்வொன்றும் முள்ளெலும்புக்குள்ளேயே இறங்கி, இரண்டு பக்கக் கம்பியையும் பல இடங்களில் பிடித்துக்கொள்கிறது. அதனால் பதின்வயதுப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பிரேஸ் எழுதித் தருவதில்லை, எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

சும்மா பாதுகாப்புக்குப் போட்டால் என்ன என்று கேட்கலாம். உள்ளே பருத்தி பனியன் போட்டாலும் வேர்வை தேங்கும், இடுப்பெலும்பு மேட்டில் தோல் சிவந்து புண்ணாகும், வயிறு முட்டச் சாப்பிட முடியாது.

ஆனால் எலும்பு பலமிழந்த பெரியவர்கள், தசை நோய் உள்ளவர்கள், ஸ்க்ரூவின் பிடிமானத்தில் சர்ஜனுக்கே சந்தேகம் உள்ளவர்கள், இவர்கள் கதை வேறு. சர்ஜன் போடச் சொன்னால் போட்டுத்தான் ஆகவேண்டும், நாமாகக் கழற்றக் கூடாது.

பிரேஸ் இல்லை என்றால் இஷ்டத்துக்கு ஆடலாம் என்றும் இல்லை. எலும்பு ஒட்ட ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகும். டாக்டர் சொல்லும்வரை குனிவது, முதுகைத் திருகுவது, கனம் தூக்குவது கூடாது. படுக்கையில் ஒருக்களித்து உருண்டு, கையை ஊன்றித்தான் எழ வேண்டும். அப்புறம், மெடிக்கலில் விற்கும் இலாஸ்டிக் இடுப்பு பெல்ட் பிரேஸுக்கு மாற்று கிடையாது.